ரோசெட்டுக்கு இந்தப் பக்கம் என் வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் 'ஸ்மார்ட் வீடு' என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். கதவு தானாகத் திறக்கிறது, திரைச்சீலை தானாக மூடுகிறது, குரல் கொடுத்தால் விளக்கு எரிகிறது, எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே விலையும் இருந்தது. ஆனால் நெட் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போய்விட்டது, வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து டெலிகாம் மெக்கானிக்காக ஓய்வு பெற்றேன், அதனால் கம்பி, பெட்டி, பழுது என்று பேச்சு வந்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். 2023 பொங்கலுக்கு வந்தபோது, "இனிமே மாடி ஏறித் தண்ணி வழியுதான்னு பாக்க வேணாம்பா" என்று சொல்லி மோட்டாருக்கு ஒரு வைஃபை கன்ட்ரோலர் வாங்கி மாட்டிக் கொடுத்தான். சம்ப்பில் ஒரு சென்சார், மேல் தொட்டியில் ஒரு சென்சார், போனில் ஒரு ஆப். பழைய ஸ்டார்ட்டர் பரணுக்குப் போனது. புதுப் பெட்டியில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் எதுவும் கிடையாது, சோப்பு டப்பா மாதிரி வழவழவென்று இருக்கும். ஏறத்தாழ இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, அது முடிவதற்குள் சாத்தனூரில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தது, இதெல்லாம் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் கரண்ட் வந்துவிட்டது. நெட் வரவில்லை, கம்பத்தில் கட்டியிருந்த ஃபைபர் கேபிள் மரக்கிளையோடு சேர்ந்து ரோட்டில் கிடந்தது. ஊரெல்லாம் தண்ணீர், எங்கள் மேல் தொட்டியில் மட்டும் சொட்டு இல்லை. சரி, மோட்டாரைப் போடலாம் என்று ஆப்பைத் திறந்தால் 'சாதனம் ஆஃப்லைனில் உள்ளது' என்கிறது.

இதில்தான் எனக்கு ஆத்திரம். வீட்டு வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறது, ரூட்டரில் விளக்கு எரிகிறது. என் போன் அந்த வைஃபையில் இருக்கிறது, மோட்டார் பெட்டியும் அதே வைஃபையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. ஆனாலும் பேசிக்கொள்ள முடியாது, ஏனென்றால் நான் ஆப்பில் தட்டுகிற தட்டு முதலில் எந்த நாட்டிலோ இருக்கிற கம்பெனி சர்வருக்குப் போய், அங்கே கும்பிடு போட்டு, திரும்பி வந்துதான் மோட்டாரைத் தொட வேண்டும். அடுப்படியில் இருக்கிற மனைவியிடம் காபி கேட்பதற்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருப்பது மாதிரி. தெருமுனையில் இருக்கிற எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம கையில இல்ல சார்" என்றார். கடைசியில் பரணிலிருந்து பழைய ஸ்டார்ட்டரை இறக்கி, துடைத்து, நேராக இணைத்து மோட்டாரை ஓடவிட்டோம். அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்தது என் மனைவியின் புத்திசாலித்தனம், என்னுடையது இல்லை. நெட் வர ஆறு நாள் ஆனது.

அந்தத் தம்பி சொன்ன 'நம்ம கையில இல்ல' என்ற வார்த்தை எனக்கு அப்புறம் ரொம்ப நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் காலத்தில் வீட்டுக்குள் போன் லைன் வந்து முடிகிற இடத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ரோசெட் என்போம். எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர், டிபி பாக்ஸ் என்ற தெருப் பெட்டிகள் வழியாக அந்த ரோசெட் வரைக்கும் துறையின் பொறுப்பு. ஆரம்பத்தில் போன் கருவியே துறையின் சொத்துதான், கறுப்பு நிறத்தில் கனமாக இருக்கும், மாற்ற முடியாது. பிற்பாடு கருவியை நாமே கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனதும் பாருங்கள், கலர் கலராகப் பட்டன் போன் வந்தது, கார்ட்லெஸ் வந்தது, ஃபேக்ஸ் வந்தது, பிறகு மோடம் வந்தது. எதை வாங்கினாலும் அதே ரோசெட்டில் சொருகினால் வேலை செய்தது. புகார் வந்தால் நாங்கள் போய் ரோசெட்டில் எங்கள் டெஸ்ட் போனைப் போட்டுப் பார்ப்போம், டயல் டோன் வந்தால் "லைன் நல்லா இருக்கு, உங்க செட்டுதான் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவோம். அந்தப் பக்கம் துறை, இந்தப் பக்கம் வீட்டுக்காரர். சண்டையே கிடையாது. (சண்டை உண்டு, ஆனால் எங்கே நின்று சண்டை போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.)

இந்தக் கோடு அமெரிக்காவிலும் சும்மா வரவில்லை. டெக்சாஸில் தாமஸ் கார்ட்டர் என்ற ஒருவர், எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் இருப்பவர்கள் வயர்லெஸ் மூலம் போனில் பேசுவதற்காக ஒரு கருவி செய்தார், கார்ட்டர்ஃபோன் என்று பெயர். போன் ரிசீவரை அதன் மேல் வைத்தால் போதும், லைனில் கம்பி எதையும் இணைக்க வேண்டாம். அதற்கே அங்கே போன் லைன்களை வைத்திருந்த ஏடி அண்ட் டி கம்பெனி, எங்கள் லைனில் வெளியார் கருவி கூடாது என்று மல்லுக்கு நின்றது. 1968-ல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், கட்டமைப்புக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1970களில் அதற்கு விதிமுறைகள் வந்தன, இன்று நாம் பார்க்கிற அந்தச் சின்ன கண்ணாடி மாதிரி போன் பிளக் பரவியது அதிலிருந்துதான். வீட்டுக்கு வீடு மோடம் வந்து இன்டர்நெட் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். மோட்டாருக்கு ஒரு ஆப். கூடத்து விளக்குகள் ஜிக்பீ வகை, வைஃபை மாதிரி இன்னொரு வயர்லெஸ் முறை, அதற்கு நடுவில் நின்று பேசுகிற ஹப் என்று ஒரு தனிப் பெட்டி, அது ஒரு பிளக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இன்னொரு ஆப். கேமராவுக்கு மூன்றாவது. போதாததற்கு மச்சினன் மகன் நியூஜெர்சியிலிருந்து வரும்போது ஆள் நடமாட்டம் காட்டுகிற சென்சார் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தான். அது இசட்-வேவ் என்ற வேறொரு வயர்லெஸ் வகை. அமெரிக்காவில் அது 908 மெகாஹெர்ட்ஸில் பேசும், இந்தியாவில் அதற்கு ஒதுக்கியிருப்பது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். இங்கே விற்கிற எந்த ஹப்புக்கும் அது காது கேட்காது. இப்போது டிவி மேல் பொம்மையாக இருக்கிறது. என் மனைவிக்கு எந்த விளக்குக்கு எந்த ஆப் என்று நினைவில் வைக்கப் பொறுமை இல்லை, சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணிவிடுகிறாள், அப்புறம் எந்த ஆப்பாலும் அந்த விளக்கை எழுப்ப முடியாது. ஸ்மார்ட் யார் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கு வழியே இல்லையா என்றால், வழி 25 வருடத்துக்கு முன்பே யோசித்து வைத்தது. 1999 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஐபிஎம், எரிக்சன், மோட்டோரோலா உள்ளிட்ட கம்பெனிகள் சேர்ந்து 'ஓபன் சர்வீசஸ் கேட்வே இனிஷியேட்டிவ்' என்று ஒரு அமைப்பு தொடங்கின, சுருக்கமாக ஓஎஸ்ஜிஐ. யோசனை ரொம்ப எளிமை. வீட்டு வாசலில் ஒரே ஒரு பெட்டி, கேட்வே. வெளியே டெலிபோனோ, கேபிளோ, எது வேண்டுமானாலும் வரட்டும். உள்ளே விளக்கு, மீட்டர், அலாரம் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். யார் வீட்டுச் சேவையாக இருந்தாலும் அவரவர் மென்பொருளைச் சின்னச் சின்ன மூட்டையாக, பண்டில் என்றுதான் பெயர் வைத்தார்கள், அந்தப் பெட்டிக்குள் இறக்கலாம், புதுப்பிக்கலாம், வேண்டாமென்றால் கழற்றி எறியலாம், அதற்காகப் பெட்டியை அணைத்துப் போட வேண்டியதில்லை. எல்லாம் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில். 2000 மே மாதம் முதல் விதிமுறையும் வெளிவந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டு வாசலுக்காகச் செய்த அந்தச் சாமான் வீட்டுக்குப் பெரிதாக வரவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் எக்லிப்ஸ் என்ற மென்பொருள் 2004-ல் தன் உள்கட்டமைப்பை ஓஎஸ்ஜிஐ மேல் மாற்றிக்கொண்டது, பெரிய பெரிய சர்வர்களுக்குள் அது போனது. என் மகன் தினமும் ஆபீஸில் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், அது முதலில் ஒரு வீட்டு மோட்டாருக்கும் விளக்குக்கும் யோசித்தது என்று நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். 2010-ல் ஒரு ஜெர்மன்காரர் ஆரம்பித்த ஓபன்ஹேப் என்ற இலவச மென்பொருள் ஓஎஸ்ஜிஐயை மறுபடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. 2013-ல் ஆரம்பித்த ஹோம் அசிஸ்டன்ட் இன்னொன்று, அது பைத்தான் மொழியில் எழுதியது, வேறு கட்டுமானம், ஆனால் எண்ணம் ஒன்றுதான்: பெட்டி வீட்டில் இருக்கும், சொன்னதை வீட்டுக்குள்ளேயே செய்யும்.

ஏன் வரவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. பெட்டியை விற்றுவிட்டால் கம்பெனிக்கு ஒரு தடவைதான் காசு. சர்வர் வழியாக நம்மைப் பிடித்து வைத்திருந்தால் மாதா மாதம் எதையாவது விற்கலாம், நாம் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறோம் என்பது வரைக்கும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இதில் துரோகம் என்று எதுவும் இல்லை, வியாபாரம். ஆனால் வியாபாரி கடையை மூடினால்? ரிவால்வ் என்று ஒரு ஹப், 300 டாலர். கூகுள் குடும்பத்து நெஸ்ட் கம்பெனி 2014-ல் அதை வாங்கியது, 2016 மே 15-ம் தேதி சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, வேலை மட்டும் செய்யவில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி மறுபடி ஓட்டினார்கள். நல்ல கதைதான், ஆனால் விளக்கு போடுவதற்காகக் கம்பெனியையே வாங்க எல்லோராலும் முடியுமா?

இப்போது மேட்டர் என்று ஒரு பொதுத் தரம் வந்திருக்கிறது, உங்கள் கட்டுரையில் அந்த வார்த்தை ஒரு படத்தின் கீழே மட்டும் வந்தது. 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் மூன்றும் ஜிக்பீ கூட்டமைப்போடு சேர்ந்து அறிவித்தது, 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. அதன் முக்கியமான சங்கதி, கருவியும் கட்டுப்படுத்துகிற பெட்டியும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்பது. ஒரே விளக்கை இரண்டு கம்பெனி ஆப்பிலும் ஒரே நேரத்தில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் குறையும் உண்டு. முதல் பதிப்பில் கேமரா கிடையாது. குளிர் தேசத்து அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டுக்கு முதலிலேயே இடம் இருந்தது, மின்விசிறி தனியாகச் சான்று வாங்கக்கூடிய கருவியாக வந்தது 2023 அக்டோபரில், 1.2 பதிப்பில். தரம் எழுதுகிற அறையில் யார் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று இதிலேயே தெரிகிறது. சித்திரை மாதம் கடலூரில் ஒரு நாள் அவர்களை உட்கார வைத்திருந்தால் விசிறிதான் முதல் வரியாக வந்திருக்கும்.

ஒளிவுமறைவு இல்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். புயலுக்குப் பிறகு நானே ஒரு பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டேன். மூன்று சாயங்காலம் போனது, நடுவில் இரண்டு தடவை மகனுக்குப் போன் செய்தேன், ஒரு தடவை வாய்ச்சண்டை. எல்லோருக்கும் இது சரிப்பட்டு வராது, கையைச் சுடாமல் சமையல் கற்றுக்கொள்ள முடியாது என்பது மாதிரித்தான். ஜிக்பீ விளக்குகளைக் கம்பெனி ஹப்பிலிருந்து பிரித்து, ஜிக்பீ பேசுகிற ஒரு யூஎஸ்பி குச்சி வாங்கி நேராக லேப்டாப்போடு சேர்த்தேன், ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டன, காரணம் ஜிக்பீ பொதுத் தரம். மோட்டாருக்கு வேறு கன்ட்ரோலர் போட்டேன், இதில் கையால் தட்டுகிற பட்டனும் இருக்கிறது, எம்க்யூடிடி என்ற பொது மொழியும் பேசுகிறது. அந்த மொழியையும் 1999-லேயே எழுதினார்கள், பாலைவனத்தில் எண்ணெய்க் குழாயைக் கண்காணிப்பதற்கு, லைன் மோசமாக இருந்தாலும் சின்னச் சின்னச் செய்தியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. எங்கள் தெரு நெட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன. கேமரா மட்டும் இன்னும் அடங்கவில்லை, அது தன் சர்வரைத் தவிர யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

அப்புறம் பிராட்பேண்ட் பெட்டி. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் மூச்சே இல்லை, ஆனால் வீட்டு வாசல் என்றால் உண்மையில் அதுதான். சுவரில் ஃபைபர் வந்து முடிகிற அந்த வெள்ளைப் பெட்டிக்குள் வைஃபை, ரூட்டர், போன் எல்லாம் சேர்த்து அடைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது, அட்மின் பாஸ்வேர்டு கேட்டேன். எங்கள் நெட் கம்பெனி ஆள், "அது கஸ்டமருக்குக் கொடுக்க மாட்டோம் சார், பாதுகாப்புக்காக" என்றார். நான் தினமும் கரண்ட் கொடுத்து, தூசி தட்டி, என் சுவரில் வைத்திருக்கிற பெட்டிக்குள் எனக்கே அனுமதி இல்லை. ரூட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்துகிற பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுங்கள், என் ரூட்டரை நானே வைத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் இன்றுவரை பதில் இல்லை. ரோசெட் காலத்தில் நாங்கள் லைன்மேன்கள் ஆயிரம் திட்டு வாங்கியிருக்கிறோம், ஆனால் கருவியை நாமே வாங்கலாம் என்று ஆன பிறகு, வீட்டுக்காரர் சொந்தப் போன் மாட்டக்கூடாது என்று சொல்லித் திட்டு வாங்கியதில்லை.

பாதுகாப்புக்காக என்ற அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது. உலகம் முழுக்க நெட் கம்பெனிகள் வீட்டுப் பெட்டிகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க டிஆர்-069 என்ற தரம் 2004-லிருந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், லைன்மேன் வெயிலில் வர வேண்டியதில்லை. ஆனால் 2016 நவம்பரில் ஜெர்மனியில், அந்த நிர்வாகத்துக்காகத் திறந்து வைத்த கதவை மிராய் வகை வைரஸ் ஒன்று வந்து தட்டியதில் அந்நாட்டு நெட் கம்பெனியான டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் இணைப்புகள் படுத்துவிட்டன. வைரஸ் உள்ளே நுழையக்கூட இல்லை, தட்டின தட்டிலேயே பெட்டிகள் மயங்கி விழுந்தன. அத்தனை வீட்டிலும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரிப் பெட்டி, அத்தனையிலும் ஒரே கதவு. சாவி கம்பெனியிடம் மட்டும் இருந்தால் பத்திரம் என்பது அவ்வளவு நிச்சயமான பேச்சு இல்லை.

அதே ஜெர்மனியில் அதே வருடம் ஆகஸ்ட் 1-ம் தேதியிலிருந்து ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கம்பெனியின் கட்டமைப்பு வீட்டுச் சுவரில் இருக்கிற இணைப்புச் சாக்கெட்டோடு முடிகிறது, அதற்கு அப்புறம் எந்த ரூட்டர் வைப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம், அதற்கு வேண்டிய விவரங்களைக் கம்பெனி கேட்காமலே கொடுக்க வேண்டும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் ரோசெட்தானே! ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும், கருவியை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2015-லேயே ஒரு விதி போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் இது முடியாத காரியமா? சிம் கார்டை எந்தப் போனில் வேண்டுமானாலும் போடுகிறோம். பிளக் எடுத்துக்கொள்ளுங்கள், மிக்ஸி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் திருப்பாதிரிப்புலியூரில் வாங்கினாலும் புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் வீட்டுச் சாக்கெட்டில் சேர்கிறது, காரணம் ஐஎஸ் 1293 என்று ஒரு தரம். இன்னும் சொல்லப்போனால், மின்வாரியங்கள் நம் தலையில் மாட்டுகிற ஸ்மார்ட் மீட்டருக்கே ஐஎஸ் 16444 என்று தரம் இருக்கிறது. எந்தக் கம்பெனி செய்த மீட்டரானாலும் டிஎல்எம்எஸ் என்ற ஒரே மொழியில்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனியிடம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று வாரியம் முன்யோசனையாகச் செய்த ஏற்பாடு அது. வாரியத்துக்கு இருக்கிற அந்த முன்யோசனை வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் கூடாது? நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரிலேயே வீட்டுக்காரருக்கென்று பி1 என்று ஒரு துளை வைத்திருக்கிறார்கள், நம் பழைய போன் பிளக் மாதிரியே இருக்கும், ஒரு ஒயரைச் சொருகினால் இந்த நொடி வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று நம் கேட்வேயே படித்துக்கொள்ளும், யார் சர்வருக்கும் போக வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு நாட்டிலும் ஆயிரம் பேச்சு ஓடுகிறது, அதற்குள் நான் போகவில்லை. மாட்டத்தான் போகிறார்கள் என்றால் அந்தத் துளையோடு மாட்டச் சொல்லலாம் அல்லவா?

அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. டெல்லியில் இருக்கிற தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், வீட்டு ஸ்மார்ட் கருவிகளின் பாதுகாப்புக்கென்று 2021-லேயே ஒரு நடைமுறை நெறி வெளியிட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்காதே என்பதுதான் அதில் முதல் விதி. நல்ல விதி, ஆனால் அது அறிவுரை, கட்டாயம் இல்லை. சிசிடிவி கேமரா விஷயத்தில் 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனை இல்லாமல் விற்க முடியாது என்று கட்டாயமாக்கினார்கள். கேமராவுக்குக் கட்டாய விதி போட முடிந்தவர்களுக்கு வாசல் பெட்டியின் சாவியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொல்ல முடியாதா? ஆனால் அவசரப்பட்டு நம்பவும் பயமாக இருக்கிறது. எந்த கேபிள்காரருக்கு மாறினாலும் அதே செட்டாப் பாக்ஸ் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை கொடுத்தது. இன்றைக்கும் ஆள் மாறினால் பெட்டியும் மாறுகிறது, பழைய பெட்டி பரணுக்குப் போகிறது. எங்கள் பரணில் இரண்டு இருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொன்னால், "அப்பா, ஜனங்களுக்கு ஆப் வேலை செஞ்சா போதும், இவ்ளோ யோசிக்க மாட்டாங்க" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரோசெட் என்றால் என்ன என்று அன்றைக்கும் எந்த வாடிக்கையாளரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்காகத் துறையில் யாரோ யோசித்து விதி எழுதி வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் எல்லோரும் எஞ்சினீயராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஃபைபர் சுவரில் முடிகிற இடத்தில் கம்பெனியின் அதிகாரம் முடிய வேண்டும், கேட்டால் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும், சொந்த ரூட்டர் வைக்கிறேன் என்றால் விட வேண்டும். விற்கிற கருவி எதுவானாலும் நெட் இல்லாத போதும் வீட்டுக்குள் இருந்தபடி இயக்க முடிய வேண்டும், ஏதாவது ஒரு பொதுத் தரத்தில் பேச வேண்டும், கம்பெனி மூடிவிட்டால் வெறும் பெட்டியாகிவிடக் கூடாது. புதுச்சேரியில் ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லி வாங்கினார்கள், நம் பக்கம் வீட்டு வசதி வாரியம் கட்டுகிறது, இந்த மாதிரி டெண்டர்களில் இந்த வரிகளைச் சேர்த்தாலே கம்பெனிகள் தானாக வழிக்கு வரும். பெரிய வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர்களுக்குக் காது கேட்கும், என்னை மாதிரி ஒற்றை ஆள் கேட்டால் புகார் நம்பர்தான் வரும்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த முறை இப்படிப் பக்கம் போடும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் போடுங்கள்: நெட் இல்லாமல் இது ஓடுமா, ஓடாதா. கம்பெனிக்காரர் தெரியாது என்று சொன்னால் தெரியாது என்றே போடுங்கள். உங்கள் நிருபருக்குச் சந்தேகம் என்றால் கருவியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வரட்டும், ஃபைபர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், காபியும் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெலிகாம் மெக்கானிக்,
மஞ்சக்குப்பம், கடலூர்.